எட்டா, பன்னிரண்டா? பிச்சாவரத்தில் நாலு நாள்

முதல் நாள், வியாழன் இரவு. சிதம்பரம்

எங்கள் பள்ளிக்கூட லேப் அலமாரியில் ஒரு ஹெர்பேரியம் தாள் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிச்சாவரம் சுற்றுலா போனபோது நானே கொண்டு வந்து ஒட்டியது. பழுப்பாய்ப் போன ஐந்து இலை. கீழே என் கையெழுத்தில் "ரைசோஃபோரா மியூக்ரனேட்டா, பிச்சாவரம்". வருடா வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டி வந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருத்தி எழுந்து, "மிஸ், இது அபிக்குலேட்டா இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ரைசோஃபோரா ஒரு அலையாத்தி மரப் பேரினம், மியூக்ரனேட்டாவும் அபிக்குலேட்டாவும் அதில் இரண்டு சிற்றினம். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. மணி அடித்தது, பரீட்சை வந்தது, அவளும் பாஸாகிப் போய்விட்டாள்.

இப்போது அவள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள், அலையாத்தி மரங்களில்தான் ப்ராஜெக்ட். போன மாதம் போன் செய்தாள். "மிஸ், லீவுதானே, நாலு நாள் வாங்க. அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்றேன்." கேலி செய்கிறாளா, உண்மையிலேயே கூப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து மத்தியானம் பஸ் ஏறினேன். அக்னி நட்சத்திரம் முடியவில்லை, ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. சாயங்காலம் நடராஜரைப் பார்த்துவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். இந்த ஊருக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் கோயிலுக்குத் தல விருட்சம். ஆனால் தில்லையைக் காடாகப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே கடலோரம் போக வேண்டும். நாளைக்கு அங்கேதான்.

இரண்டாம் நாள், வெள்ளி. பிச்சாவரம்

காலையில் கிள்ளை வழியாகப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், வாய்க்காலும் திட்டுமாகக் கிடக்கிற காடு. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலாப் படகுகள் கிளம்புகிற பக்கம் நாங்கள் போகவில்லை. அவளுக்கு வனத்துறை அனுமதி உண்டு, அவள் வழக்கமாக அழைத்துப் போகும் துடுப்புப் படகு ஒன்றும் உண்டு. படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் அவரை மாமா என்கிறாள், நான் அண்ணே என்றேன். அவர் என்னை டீச்சரம்மா என்றார். காப்புக் காடு, அதனால் பறிக்கிற கை அவளுடையது மட்டும். நான் பார்க்க மட்டும் வந்தவள்.

போகிற வழியில் முதலில் வந்தது தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று படகுக்கார அண்ணன் கையை எட்டவைத்தே காட்டினார். ஒரு மரத்தில் மஞ்சள் மஞ்சளாய் நீளக் கதிர் தொங்கியது. பத்தடி தள்ளி இன்னொன்றில் கதிரே இல்லை, மூன்று பக்கமாய்ப் புடைத்த குட்டிக் காய்கள். புதிதாய் வருகிறவர் இரண்டு சிற்றினம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆண் மரம் ஒன்று, பெண் மரம் ஒன்று, அவ்வளவுதான். தோற்றம் இரண்டு, சிற்றினம் ஒன்று. இதை முதலில் காட்ட வேண்டுமென்று அவள் வேண்டுமென்றே இந்த வாய்க்காலில் படகைத் திருப்பச் சொன்னாளாம். வாத்தியார் வேலை அவளுக்கு வரும்.

அப்புறம் சுரபுன்னை. இந்தப் பக்கத்தில் ரைசோஃபோராவுக்கு அதுதான் பெயர். தண்ணீரை ஒட்டி, இரு கரையிலும் ஒரு நாடா மாதிரி ஓடுகிறது. தண்டிலிருந்து வளைந்து வந்து சேற்றில் ஊன்றும் முட்டு வேர்களைப் பார்த்தாலே பேரினம் தெரிந்துவிடும். கேள்வி அதற்கு அப்புறம்தான். மியூக்ரனேட்டாவா, அபிக்குலேட்டாவா? பெயரைக் கேட்டால் உதவி கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. மியூக்ரோ என்றாலும் கூர்முனை, அபிக்குலஸ் என்றாலும் சின்னக் கூர்முனை. இரண்டு பேருக்கும் இலை நுனியில் ஊசி இருக்கிறது. தாவரவியலாளர் லமார்க் ஒன்றுக்குக் கூரன் என்று வைத்தார், ப்ளூம் இன்னொன்றுக்குச் சின்னக்கூரன் என்று வைத்தார். நடுவில் நாம் முழிக்கிறோம்.

நான் தூரத்திலிருந்தே, "அதோ, அகல இலை, அது மியூக்ரனேட்டா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படகு கிட்டே போனது. "பூ எங்கே இருக்குன்னு பாருங்க மிஸ்."

இலைக் கொத்துக்கு உள்ளே தேடினேன், இல்லை. கீழே, இலை உதிர்ந்து தழும்பு மட்டும் இருக்கிற கணுவில், தடித்த கட்டைக் காம்பில் இரண்டே மொட்டு, ஒட்டிப் பிறந்த மாதிரி. அடியில் தக்கை போலத் தடித்த சின்னக் கிண்ணம். அபிக்குலேட்டா. அதன் மொட்டு மலர்வதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். எந்த இலையின் கக்கத்தில் பிறந்ததோ அந்த இலை அதற்குள் விழுந்துவிடும், அதனால் பூ மொட்டைக் கிளையில் நிற்கிறது. இத்தனை வருடமாக "பூக்கள் இலைகளுக்குக் கீழே" என்று கரும்பலகையில் எழுதி வந்த எனக்கு, ஏன் கீழே என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வளைவில் நிஜமான மியூக்ரனேட்டா. இங்கே இலைக்கு நடுவிலேயே, மெலிந்த நீளக் காம்பு, அது இரண்டாய்ப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாய்ப் பிரிந்து, மொட்டுகள் கம்மல் ஜிமிக்கி மாதிரி ஆடுகின்றன. நுனியில் குருத்தை மூடியிருக்கும் இலையடிச் செதில் இதில் பச்சை கலந்த மஞ்சள். அபிக்குலேட்டாவில் சிவப்பு ஓடியிருந்தது.

படகை வேரில் கட்டிவிட்டு, மடியில் செய்தித்தாளை விரித்தோம். அவள் முற்றிய மொட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பறித்துத் தந்தாள். மொட்டைத்தான் திறக்க வேண்டும். மலர்ந்த பூவை நம்ப முடியாது, அல்லி இதழும் மகரந்தத்தாளும் சீக்கிரமே கொட்டிவிடும், நாலு புல்லி இதழ் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். முதல் மொட்டின் புல்லியைக் குண்டூசியால் விலக்கினேன். வெளேரென்று நாலு அல்லி இதழ், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பஞ்சு பிரித்தாற்போல ரோமம். லென்ஸை வைத்து எண்ணினேன், எட்டு மகரந்தத்தாள். மியூக்ரனேட்டா. இரண்டாவது மொட்டு: அல்லி இதழ் வழவழ, ஒரு ரோமம் கிடையாது. மகரந்தத்தாள் ஒன்று, இரண்டு, மூன்று... காற்றடித்து செய்தித்தாள் பறந்தது. படகுக்கார அண்ணன் காலால் மிதித்துப் பிடித்தார். மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு.

எட்டா, பன்னிரண்டா என்ற வரி பாடப்புத்தகத்தில் இருந்தால் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவோம். மடியில் வைத்து எண்ணியது மறக்காது போலிருக்கிறது.

படகுக்காரரிடம் நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். "நெட்டைக்காய், குட்டைக்காய். அவ்ளோதாங்க டீச்சரம்மா." காய் என்று அவர் சொல்வது மரத்திலேயே முளைத்துத் தொங்குகிற நாற்றை. மியூக்ரனேட்டாவில் அது அரை மீட்டரைத் தாண்டும், மேலெல்லாம் சொரசொரப்பு. அபிக்குலேட்டாவில் ஏறக்குறைய ஒரு அடி. லென்ஸும் குண்டூசியும் இல்லாமல் அவர் வந்து சேர்ந்த இடத்துக்குத்தான் நாங்களும் அரை நாள் கழித்து வந்தோம். ஆனால் காய் இல்லாத மரத்தில்? "காய் இல்லாட்டி சுரபுன்னைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். இந்த நேர்மை எனக்கு அந்த ஹெர்பேரியம் தாளில் இல்லாமல் போனது.

மூன்றாம் நாள், சனி. சேறு

இன்றைக்கு நடை. ஒரு செருப்பைக் காடு எடுத்துக்கொண்டது. வெறுங்காலோடுதான் வர வேண்டுமென்று யாரும் முன்னாடியே சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சுரபுன்னை நாடாவைத் தாண்டி உள்ளே போனால், அரையடி மேடு. கண்ணுக்கே தெரியாத மேடு. ஆனால் இந்தக் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் அரையடி இங்கே பெரிய விஷயம். தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், காய்ந்தால் எவ்வளவு உப்பு மிஞ்சும் என்பதையெல்லாம் அந்த அரையடிதான் தீர்மானிக்கிறது. அங்கே சுரபுன்னை நின்றுவிடுகிறது, கண்டல் ஆரம்பிக்கிறது. முட்டு வேர் போய், தரையிலிருந்து பென்சில் பென்சிலாய்க் குத்திட்டு நிற்கும் சுவாச வேர்கள். அதையும் தாண்டி இன்னும் மேட்டில், மரமே இல்லாத வெட்டவெளியில், சிவந்துபோன உமிரிச் செடி. நீர்மட்டத்தை அளக்காமலே, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தே தரையின் ஏற்றத்தாழ்வை வரைந்துவிடலாம்.

கண்டலிலும் இரண்டு. வெண்கண்டல், கருங்கண்டல். புத்தகத்தில் அவிசென்னியா மரைனா, அவிசென்னியா அஃபிசினாலிஸ். பேரினத்துக்கு லின்னேயஸ் வைத்தது மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயர். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் எனக்கு இன்னும் பிடிக்கிறது, அடிமரத்தைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது. ஒன்றின் பட்டை வெளிர்ந்து வழவழப்பாய், துண்டு துண்டாய்ச் செதிலுரிந்து கிடக்கிறது. மற்றது கறுத்து, உரியாமல்.

இலையைத் திருப்பச் சொன்னாள். வெண்கண்டலின் அடிப்பக்கம் சாம்பல் பூசிய வெள்ளை, நுனி கூர். கருங்கண்டலின் நுனி வட்டம், அடிப்பக்கம் மஞ்சளோடிய மங்கல் பச்சை. "நக்கிப் பாருங்க மிஸ்" என்றாள். நக்கினேன். கல் உப்பு. மே மாதத்தில் மழையும் இல்லை, ஆற்றுத் தண்ணீரும் இல்லை, இலை மேல் உப்பு பொடியாய்ப் பூத்திருக்கிறது. கருங்கண்டல் இலையையும் நக்கினேன், அதுவும் உப்பு. இரண்டுமே இலைச் சுரப்பி வழியாக உப்பை வெளியே தள்ளுகிறவை. சுரபுன்னை அப்படி இல்லை, பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடும். ஆக நாக்கு பேரினத்தைச் சொல்லும், சிற்றினத்தைச் சொல்லாது. இதை வகுப்பில் செய்யச் சொன்னால் பெற்றோர் சங்கத்தில் என்னை விசாரிப்பார்கள்.

பூவில் சந்தேகமே வராது. வெண்கண்டலுக்குச் சின்னஞ்சிறு பூ, ஒரு மிளகு அகலம். கருங்கண்டலின் பூ அதைப்போல இரண்டு பங்கு, ஆரஞ்சு கலந்த மஞ்சள், கிட்டே முகர்ந்தால் நாறும். நான் ஆசையாய் முகர்ந்தேன்.

ஆனால் அவள் என்னைக் கேட்டது வேறு. "காலைலேர்ந்து எத்தனை வெண்கண்டல் பார்த்தீங்க, எத்தனை கருங்கண்டல்?" யோசித்துப் பார்த்தால் வெண்கண்டல் கணக்கில்லை. கருங்கண்டல் விரல் விட்டு எண்ணலாம், அதுவும் நன்னீர் வந்து கலக்கிற பக்கமாய்த்தான். வெண்கண்டல் எவ்வளவு உப்பையும் தாங்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதைவிட உப்புக் கரித்த குட்டையோரத்திலும் குட்டை குட்டையாய், புதர் மாதிரி அதுதான் நிற்கிறது. அந்தக் குட்டைச் செடியைப் பார்த்து வேறு சிற்றினம் என்று நான் நோட்டில் கேள்விக்குறி போட்டிருந்தேன். வாய்க்காலோரத்தில் இருபதடி மரமாய் நிற்பதும் அதே வெண்கண்டல்தான். இலையின் அளவு மாறியிருக்கிறது, உயரம் மாறியிருக்கிறது, பூவும் இலை அடியின் வெள்ளையும் மாறவில்லை. இடம் செய்த மாற்றம் எது, பிறப்பில் வந்த வேற்றுமை எது என்று பிரிப்பதுதான் இதில் பாதி வேலை.

சரி, இடத்தை வைத்தே முடிவு செய்துவிடலாமா? மத்தியானம் அதற்கும் ஒரு அடி விழுந்தது. மேட்டில், கண்டல் இருக்க வேண்டிய இடத்தில், வரிசை பிடித்தாற்போலச் சுரபுன்னை! நான் உற்சாகமாகிக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். படகுக்கார அண்ணன் சிரித்தார். "அது நட்டதுங்க."

முன்பு இந்தக் காட்டைத் தொகுதி தொகுதியாய் மொத்தமாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேரடியாய் இறங்கி, சேறு காய்ந்து அமுங்கி, தட்டு மாதிரி பள்ளமாகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே வற்றி, உப்பு ஏறி, ஒன்றும் முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்த இடங்களில் மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது, கரைகளில் நாற்று நட்டார்கள். நான் இயற்கை என்று எழுதிக்கொண்டிருந்தது மண்வெட்டி போட்ட கோடு. நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, "நட்டதா, தானாய் வந்ததா என்று முதலில் கேள்" என்று எழுதிவைத்தேன்.

2004 சுனாமி அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன். காட்டைக் கையால் காட்டினார். "இதுக்குப் பின்னாடி" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலாம் நாள், ஞாயிறு. மறுபடி படகு, இரவு கடலூர்

இன்றைக்கு ஒரே ஒரு மரம். அதைக் காட்டத்தான் அவள் என்னை நாலு நாள் இருக்கச் சொன்னாளாம்.

சுரபுன்னைதான், ஆனால் பக்கத்தில் நிற்கிறவற்றைவிட ஓங்கி நின்றது. இலையைப் பார்த்தேன், அபிக்குலேட்டாவைவிட அகலம், மியூக்ரனேட்டாவைவிடக் குறுகல். பூக்காம்பு கட்டையும் இல்லை, ஜிமிக்கி அளவுக்கு நீளமும் இல்லை. சில காம்பில் இரண்டு மொட்டு, சிலவற்றில் நாலு. மூன்று நாளாகக் கற்ற எல்லாப் பாடமும் இந்த மரத்தடியில் வந்து நடுவிலேயே நின்றது. செய்தித்தாள், குண்டூசி, லென்ஸ். முதல் மொட்டில் நான் எண்ணியதும் அவள் எண்ணியதும் ஒத்துவந்தது, அடுத்த மொட்டில் கணக்கு வேறாக வந்தது. எட்டும் இல்லை, பன்னிரண்டும் இல்லை, நடுவில் எங்கேயோ.

"ரைசோஃபோரா அண்ணாமலையானா" என்றாள். இரண்டுக்கும் பிறந்த கலப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் பேராசிரியர் கதிரேசன் 1990களில் வைத்த பெயர். சுரபுன்னையின் மகரந்தம் பெரும்பாலும் காற்றில் போவது. மியூக்ரனேட்டாவும் அபிக்குலேட்டாவும் ஒரே வாய்க்காலில் தோளோடு தோள் நின்றால் காற்று யாரைக் கேட்கப் போகிறது?

கீழே படகின் பலகையில் மொட்டும் பூவுமாய்க் கொட்டிக் கிடந்தது. மேலே பார்த்தேன். சுற்றிலும் மற்ற மரங்களில் பச்சைக் குச்சிகளாய் நாற்று தொங்குகிறது, இதில் ஒன்றுகூட இல்லை. பூப்பதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. அண்ணன் இதை முன்பே கவனித்திருக்கிறார். "இது காய்க்காதுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படியேதான் நிக்குது." நெட்டைக்காய், குட்டைக்காய் என்ற அவருடைய கணக்கில் மூன்றாவதாக ஒரு இடம் இருந்திருக்கிறது, நான்தான் முந்தாநாள் கேட்கவில்லை.

இலை நடுவாக இருப்பதால் மட்டும் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. வெயிலில் நிற்கும் மியூக்ரனேட்டாவில்கூட இலை சிறுத்துப் போகலாம். காம்பு, மொட்டு எண்ணிக்கை, மகரந்தத்தாள், காய்க்காமை, பக்கத்திலேயே அம்மாவும் அப்பாவும் நிற்பது, இத்தனையும் சேர்ந்தால்தான் துணிந்து சொல்லலாம் என்றாள். மரபணுச் சோதனையிலும் இந்தப் பெற்றோர்தான் என்று வந்திருக்கிறது. முன்பு சிலர் இதே மரத்தை வேறொரு கலப்பு என்று நினைத்து "ரைசோஃபோரா லமார்க்கியை" என்ற பெயரில் எழுதியிருந்தார்களாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, தப்பு எழுதியது நான் மட்டும் இல்லை.

கரைக்கு வந்ததும் அண்ணன் ஒரு பையை நீட்டினார். என் செருப்பு. சேறு காய்ந்து கல் மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது, பையோடு வந்தேன்.

கடலூர் வந்து சேர ஏழு மணி. லேப் சாவி என்னிடம்தான் இருக்கிறது, வாட்ச்மேனைக் கெஞ்சி உள்ளே போய்த் தாளை எடுத்து வந்தேன். டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்க்கிறேன். ஐந்து இலை. அகலமா என்றால் அகலம், ஆனால் காய்ந்து சுருங்கியது எவ்வளவு? இலையடிச் செதிலின் நிறம் போய்விட்டது. பூ இல்லை, காம்பு இல்லை. மரம் தண்ணீரோரம் நின்றதா, மேட்டிலா, நட்டதா, பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் எழுதவில்லை. "பிச்சாவரம்" என்று மட்டும் இருக்கிறது, 1,100 ஹெக்டேருக்கும் சேர்த்து.

"மியூக்ரனேட்டா" என்ற சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் "சிற்றினம் தெரியவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.